பங்கு கேட்பவர் யார்?

ஒரு பொருள் எல்லோருக்கும் போதியதாக இருக்கும்வரை அதன் பங்கீடு பற்றி எவரும் பேசுவதில்லை. போதாமை தலைகாட்டியவுடனேயே வழக்கும் தலைகாட்டிவிடுகின்றது. குளத்து நீருக்கும் கூப்பன் அரிசிக்கும் பொருந்திவந்த இவ்வியல்பு, இன்று நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்துள்ள இணையத்துக்கும் பொருந்தும். மாலை ஏழு மணிக்கு ஊர் முழுவதும் ஒரே வேளையில் அவ்வழியை நாடுமாயின், யாருக்கு எவ்வளவு விடுவதென்று தீர்மானித்தே ஆகல் வேண்டும். தீர்மானிப்பது யார்? நீதவானுமல்லர், மந்திரியுமல்லர். வழியின் நடுவே அமர்ந்திருக்கும் ஒரு சிறு பெட்டியும், அதனுள் எவரோ எழுதிவைத்த ஒரு விதியுமே தீர்மானிக்கின்றன. எந்தப் பாராளுமன்றமும் அவ்விதியை மூன்று முறை வாசித்து நிறைவேற்றவில்லை. எந்த வர்த்தமானியிலும் அது வெளிவரவில்லை. எனினும் சட்டத்தின் வேலையை அது செய்கின்றது. ஆதலின், ஒரு சட்டத்தைப் பரிசீலிப்பது போலவே அதனையும் பரிசீலித்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

முதலில் வழியின் இயல்பை அறிதல் வேண்டும். இணையத்திற் செல்லும் யாவும், கடிதமாயினும் படமாயினும் குரலாயினும், சிறு சிறு பொதிகளாக்கப்பட்டே செல்கின்றன. பல வழிகளால் வரும் பொதிகள் ஒடுங்கிய ஒரு வழியிற் புகவேண்டிய இடத்தில் ஒரு பெட்டி இருக்கும். வழிப்படுத்தி என்பர், றவுட்டர் என்றே நம்மவர் பெரும்பாலும் அழைப்பர். முந்தி வந்தது முந்திச் செல்லும் என்பதே அப்பெட்டியின் பழைய வழக்கம். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். தபாற் கந்தோரிலும் பஸ் நிலையத்திலும் நாம் அதனையே நியாயம் என்கின்றோம். ஆனால் அங்கே வரிசையில் நிற்பவன் ஒரு மனிதன். ஒரே வேளையில் நூறு பேராக அவனால் நிற்க முடியாது. பொதிக்கு அத்தடை கிடையாது. எவன் அதிகமான பொதிகளைக் கொண்டுவந்து கொட்டுகின்றானோ அவனே வரிசையின் பெரும்பகுதிக்கு உடையவனாகிவிடுகின்றான். ஒரே ஒரு பொதியுடன் வந்தவன் அவனுடைய தொண்ணூற்றொன்பது பொதிகளுக்கும் பின்னே நின்று வாடுகின்றான்.

இவ்வழக்கம் எதில் முடியும் என்பதனை 1985ஆம் ஆண்டு டிசெம்பரிலேயே ஒருவர் எடுத்துக்காட்டினார். அமெரிக்காவின் போர்ட் விண்வெளி, தொடர்பாடல் நிறுவனத்திற் பணியாற்றிய ஜோன் நேகிள் என்பவரே அவர். இணையத்தை அமைத்தோர் தம்முள் சுற்றுக்கு விட்ட குறிப்புத் தொடரில் 970ஆம் இலக்கமாக வெளிவந்தது அவர் எழுதிய ஏடு. அதிலுள்ள முதல் முடிவே வியப்புக்குரியது. பெட்டிக்கு எல்லையற்ற சேமிப்பிடம் கொடுத்தாலும் நெருக்கடி தீராது என்றார் அவர். வரிசை நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு பொதிக்கும் ஓர் ஆயுள் உண்டு. தன் முறை வருமுன்னரே பொதி செத்துவிடும். ஈற்றில் எதுவுமே போய்ச் சேராது. களஞ்சியத்தைப் பெருப்பித்தால் பங்கீட்டுத் தகராறு ஒழிந்துவிடும் என்று நம்புவோர் எல்லாத் துறைகளிலும் உளர். அவர்கள் படிக்கவேண்டிய ஏடு அது.

இரண்டாவது முடிவு அரசியல் சார்ந்தது என்றே கூறுவோம். முந்தி வந்தது முந்திச் செல்லும் என்ற விதியின்கீழ், பேராசை கொள்வதே ஒவ்வொருவனுக்கும் இலாபமான நடத்தையாகின்றது. அடக்கத்துடன் அனுப்புபவன் தண்டிக்கப்படுகின்றான். இவ்வமைப்பிற் பொதுவழி பாழாவது தனிமனிதரின் கெட்ட குணத்தால் அன்று. விதியே அவர்களை அவ்வழியிற் செலுத்துகின்றது. ஆகவே விதியை மாற்றுக என்றார் நேகிள். அனுப்புவோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை வைத்து, சுற்றுமுறையில் வரிசைக்கு ஒரு பொதியாக எடுத்து அனுப்புக என்றார். அப்பொழுது ஆயிரம் பொதிகளைக் கொட்டுபவன் தன் வரிசையையே நீட்டிக்கொள்கின்றான். தாமதம் அவனைச் சாரும், அயலவனைச் சாராது.

நம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறலாம். முப்பது வழக்குகளைக் கையில் வைத்திருக்கும் சட்டத்தரணி ஒருவர், அவையனைத்தையும் காலையில் ஒரே மூச்சிற் கூப்பிடச் செய்தால், ஒரே வழக்குக்காக அதிகாலை பஸ் ஏறி வந்த கமக்காரன் பகற் சாப்பாட்டுக்குப் பின்னும் வாங்கிலே குந்தியிருப்பான். ஆளுக்கு ஒரு வழக்காகச் சுற்றிவரக் கூப்பிட்டால் அவன் பத்தரை மணிக்கு வீடு திரும்புவான். முப்பது வழக்குக்காரருக்கு அதனால் நட்டமும் பெரிதில்லை. எப்படியும் அவர் மாலைவரை இருக்கவேண்டியவரே.

நேகிளின் எச்சரிக்கை பொய்க்கவில்லை. 1986ஆம் ஆண்டு ஒக்ரோபரில், கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 யார் தூரத்தினுள், வினாடிக்கு 32,000 பிற் சென்ற வழி 40 பிற்றாகச் சுருங்கிவிட்டது. அதனைக் கண்ட வான் ஜேக்கப்சன், 1988ஆம் ஆண்டில் அதற்கு மருந்து எழுதினார். ஆனால் அவர் மருந்து வேறு வகையானது. வழியில் நெருக்கடி உண்டென்று தெரிந்தவுடன் ஒவ்வோர் இணைப்பும் தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும் என்பது அது. இணையத்தைப் பிழைக்க வைத்தது அம்மருந்தே, இதனை மறுப்பதற்கில்லை. எனினும் அது தன்னடக்கத்தை நம்பி நிற்பது. அன்றியும், ஒத்த தூரமுள்ள இணைப்புகளுக்கிடையே ஏறக்குறைய சமமான பங்கை அது உண்டாக்கும். இணைப்புகளுக்கிடையே என்பதை வாசகர்கள் மனதில் இருத்துவாராக. மனிதர்களுக்கிடையே என்று நாம் கூறவில்லை.

நேகிளின் சுற்றுமுறையிலும் ஓர் ஓட்டை இருந்தது. வரிசைக்கு ஒரு பொதி என்றால், 1,500 பைற் கொண்ட பெரும்பொதி அனுப்புபவன், 100 பைற் பொதி அனுப்புபவனைப் போலப் பதினைந்து மடங்கு பெற்றுவிடுவான். 1989ஆம் ஆண்டில் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் ஆகிய மூவரும் இதனை அடைத்தனர். பொதிகளை எண்ணாது பிற்றுகளை எண்ணுக; ஒவ்வொரு வரிசையிலிருந்தும் பிற்றுப் பிற்றாக எடுத்தால் எந்தப் பொதி முதலில் முடியுமோ அதனையே முதலில் அனுப்புக என்பது அவர்கள் வகுத்த முறை. அக்கணக்கைப் பெரிய வழிப்படுத்திகளும் விரைவிற் செய்யத்தக்கதாக 1995ஆம் ஆண்டில் ஸ்ரீதரும் ஜோர்ஜ் வர்கீசும் எளிமையாக்கினர். சுற்றுக்கு இவ்வளவு பைற் என்று ஒவ்வொரு வரிசைக்கும் வரவு வைப்பது. பொதி பெரிதாயின் வரவை அடுத்த சுற்றுக்குக் கொண்டுசெல்வது. வரிசை வெறுமையானால் மிச்ச வரவை அழித்துவிடுவது. இவ்வளவே. நேற்று மௌனமாக இருந்தமைக்காக இன்று இரட்டிப்பு உரிமை எவருக்கும் கிடையாது. இவ்விடயத்துக்குப் பின்னர் வருவோம்.

இவ்வாறு பங்கிடுவதால் விளையும் நீதி எத்தகையது? வினாடிக்கு 10 மெகாபிற் செல்லும் வழியொன்றை மூவர் நாடுகின்றனர் என்க. ஒருவர்க்கு 1 போதும். மற்றவர்க்கு 3 வேண்டும். மூன்றாமவர் 20 கேட்கின்றார். கேட்டதற்கேற்ற விகிதப்படி பிரித்தால் மூன்றாமவரே 8-க்கு மேல் வாரிக்கொண்டு போவார். மிகுதியாகக் கேட்பதே மிகுதியாகப் பெறும் வழியாகிவிடும். நியாய வரிசை அவ்வாறு செய்யாது. முதலாமவர்க்கு அவர் கேட்ட 1 முழுமையாக. இரண்டாமவர்க்கு அவர் கேட்ட 3 முழுமையாக. எஞ்சிய 6 மூன்றாமவர்க்கு. சிறிது கேட்பவன் கேட்டதை முழுவதும் பெறுகின்றான். எவனும் பயன்படுத்தாத பங்கு வீணாவதுமில்லை. தராசைப் பிடித்து எல்லோருக்கும் ஒரே அளவு கொடுக்கும் குருட்டுச் சமத்துவத்திலும் இது மேலானது.

இனி நாம் சொல்ல வந்த விடயத்துக்கு வருவோம். மேலே மூவர் என்றோம். அம்மூவர் யாவர்? மூன்று மனிதரா, மூன்று வீடுகளா, மூன்று கணினிகளா, மூன்று இணைப்புகளா? வகுத்தற் கணக்கு எவ்வளவு திறமையாக இருந்தபோதிலும், வகுபடுவோரின் இடாப்பைத் தயாரிப்பவனே முடிவைத் தீர்மானிக்கின்றான்.

1989ஆம் ஆண்டின் மூவரும் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அனுப்பும் கணினியை ஓர் அலகாகக் கொண்டால், பலருக்குச் சேவை செய்யும் பெரிய கணினி அநியாயமாக நெருக்கப்படும். பெறுபவனை அலகாகக் கொண்டால், வேண்டாத பொதிகளை ஒருவன் அவன்மேற் கொட்டி அவன் பங்கை ஒழித்துவிடலாம். கணினியினுள் ஓடும் ஒவ்வொரு வேலையையும் அலகாகக் கொண்டால், எல்லோரும் வேலைகளைப் பெருக்கிக்கொள்வர். அனுப்புவோன், பெறுவோன் ஆகிய இருவரையும் ஒரு சோடியாக எண்ணினால், பல பேருக்கு ஒரே வேளையில் அனுப்பி ஒருவன் பங்கைப் பெருக்கலாம். எந்த எண்ணிக்கையிலும் ஒரு குறை உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டே, குறை குறைந்ததெனத் தாம் கருதிய சோடிக் கணக்கை அவர்கள் தேர்ந்தனர். சட்டம் இயற்றுவோரிடம் நாம் எதிர்பார்த்து ஏமாறும் நேர்மை இது.

பின்வந்த நடைமுறையில் நிலைபெற்றதோ பெரும்பாலும் இணைப்புக் கணக்கே. அதன் பயனைப் பாருங்கள். 20 மெகாபிற் வழியொன்றை இரு வீட்டார் பகிர்கின்றனர். ஒரு வீட்டில் ஓர் இணைப்பு. மற்ற வீட்டில், பதிவிறக்கத்தை விரைவாக்கவென்றே அமைந்த மென்பொருள் ஒன்று ஒன்பது இணைப்புகளைத் திறந்துவிட்டது. இணைப்புக்கு இணைப்பு சமம் என்ற விதி சிறிதும் வழுவாது செயற்படுகின்றது. முதல் வீட்டுக்கு 2. மற்ற வீட்டுக்கு 18. பெட்டியைக் கேட்டால் தான் எள்ளளவும் பாரபட்சம் காட்டவில்லை என்றே சாட்சி சொல்லும். அது பொய்ச்சாட்சியுமன்று!

இத்தகைய சமத்துவம் அரசியல் அறிந்தோர்க்குப் புதிதல்ல. பிரித்தானியாவில் 1948ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வரும்வரை, பட்டதாரி ஒருவர் தம் வதிவிடத்தில் ஒரு வாக்கும் பல்கலைக்கழகத் தொகுதியில் இன்னொரு வாக்கும் அளிக்கலாம்; வேறு தொகுதியிலே வியாபாரத்தலம் உடையவருக்கும் இரண்டாம் வாக்கு இருந்தது. பெட்டிக்குள் விழுந்த ஒவ்வொரு சீட்டும் சமமாகவே எண்ணப்பட்டது. அச்சீட்டுகளுக்குப் பின்னால் நின்ற மனிதர்கள் மாத்திரமே சமமாக எண்ணப்படவில்லை. மறுமுனையில் வேறொரு வகை உண்டு. அதே 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழ் மக்களுள் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து வெளியேற்றிய பின்னரும், எஞ்சியோரின் வாக்குகள் ஒன்றுக்கொன்று சமமாகவே இருந்தன. சமம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எவர்களுக்கிடையே என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்தது இவ்வாறுதான்.

இணைப்புகளைப் பெருக்குவோர் யாவரும் தீயோர் என்று கொள்ளலாகாது. சாதாரண இணைய உலாவியே, பழைய நெறிமுறையின்படி, ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகள் வரை திறப்பது வழக்கம். பிற்டொரன்ட் என்னும் கோப்புப் பகிர்வு முறையோ பல இடங்களிலிருந்து துண்டு துண்டாகப் பெறுவதற்கென்றே அமைந்தது. இணைப்புகள் பல இல்லாவிடின் அது நடவாது. குற்றம் செய்பவனைத் தேடுவதை விடுத்து, எண்ணும் முறையைத் திருத்துவதே அறிவுடைமை. இதனை மறந்த ஒரு பெரிய நிறுவனம் எவ்வாறு வழுக்கி விழுந்தது என்பதைச் சற்று விரிவாகவே கூறவேண்டும்.

அமெரிக்காவின் கொம்காஸ்ட் நிறுவனம் கேபிள் வழியே இணையச் சேவை அளிப்பது. அயலிலுள்ள பல வீடுகள் ஒரே கேபிளைப் பகிர்வன. பிற்டொரன்ட் பாவனையாளர் அக்கேபிளை நிரப்புகின்றனர் என்று கண்ட நிறுவனம், பங்கீட்டு விதியைத் திருத்தவில்லை. அதற்குப் பதிலாக, அவர்களுடைய உரையாடல்களின் நடுவே இரகசியமாகப் புகுந்து, தொடர்பை முறிக்குமாறு கூறும் போலிப் பொதிகளை அனுப்பியது. அப்பொதிகள் நிறுவனத்தின் பெயரில் வரவில்லை. ஒரு தரப்பாரின் பெயரில் மறுதரப்பாருக்கு வந்தன. இருவர் தபாலிற் பேரம் பேசிக்கொண்டிருக்கையில், தபாற்காரன் ஒருவருடைய கையெழுத்தைப் போட்டு, பேரம் முறிந்தது என்று மற்றவருக்குக் கடிதம் எழுதினால் நாம் அதனை என்னவென்போம்? 2007ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இதனைச் சோதித்து வெளிப்படுத்தியது. சோதனைக்கு அனுப்பப்பட்ட கோப்பு ஆங்கிலப் பைபிள். களவுப் படங்களைத் தடுக்கவே செய்தோம் என்ற வாதத்துக்கும் அங்கே இடமில்லாது போயிற்று.

2008ஆம் ஆண்டு ஓகஸ்டில் அந்நாட்டுச் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குகளால் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நெருக்கடி நேரத்தில் மாத்திரமே தலையிட்டோம் என்ற சமாதானத்தை ஆணைக்குழு ஏற்கவில்லை. 2010ஆம் ஆண்டு ஏப்ரிலில் கொலம்பியா மாவட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. நிறுவனம் செய்தது சரியென்று அந்நீதிமன்றம் கூறவில்லை. ஆணைக்குழுவுக்கு அவ்வதிகாரத்தைச் சட்டம் அளிக்கவில்லை என்றே கூறியது. அதன்பின் 2015இல் விதிகள் வந்தன, 2017இல் நீக்கப்பட்டன, 2024இல் மீண்டும் வந்தன, 2025 ஜனவரியில் ஆறாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் அவற்றையும் தள்ளிவிட்டது. நியாயாதிக்கம் பற்றிய இவ்விழுபறி சட்ட மாணவர்க்குச் சுவையானது. ஏனையோர் கடந்து செல்லலாம்.

நம் கவனத்துக்குரியது வேறு. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2008ஆம் ஆண்டின் இறுதியில், நிறுவனம் தன் முறையை மாற்றிக்கொண்டது. என்ன மென்பொருள், எத்தனை இணைப்பு என்று பார்ப்பதை விட்டது. அயலின் பொதுவழி நிரம்பும் தறுவாயை அடையும்போது, தம் சந்தா வேகத்தில் 70 வீதத்துக்கு மேலாகப் பதினைந்து நிமிடம் தொடர்ந்து பயன்படுத்திய வீட்டாரின் பொதிகள் மாத்திரம் மற்றவர்களின் பொதிகளுக்குப் பின்னே நிறுத்தப்பட்டன. அவர்கள் பாவனை தணிந்ததும் பழைய நிலை திரும்பியது. அம்முறை 2010ஆம் ஆண்டில் இணையக் குறிப்புத் தொடரில் எண்கள் உட்பட எழுத்தில் வெளியிடப்பட்டது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள தூரம் எவ்வளவு! முன்னதில் இரகசியம், போலிக் கையொப்பம், ஒரு சாராரைக் குறிவைத்தல். பின்னதில் வெளியிடப்பட்ட விதி, சந்தாதாரர் என்ற அலகு, நெருக்கடி என்ற காலவரையறை. பின்னது குறையற்றதென்று நாம் கூறவில்லை. ஆனால் அதனோடு வாதாடலாம். அதனை எதிர்த்து மனுச் செய்யலாம். இருட்டில் நிற்கும் விதியோடு எவர் வாதாட முடியும்?

நியாய வரிசை என்ற கொள்கையையே மறுப்போரும் உளர். அவர்களுள் வலிமை வாய்ந்தவர், பிரித்தானியத் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் இருந்த பொப் பிரிஸ்கோ. 2007ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை, இணைப்பு வேகங்களைச் சமப்படுத்துவதை ஒரு மதம் என்றே ஏளனம் செய்தது. இணைப்பு ஒரு மனிதனன்று என்பது அவருடைய முதல் வாதம். அதனை நாம் முழுமனதுடன் ஏற்கின்றோம். கணத்துக்குக் கணம் சமப்படுத்தும் விதிக்கு ஞாபகசக்தி இல்லை என்பது இரண்டாவது. நாள் முழுவதும் வழியை நிரப்புபவனும், நாளுக்கு ஐந்து நிமிடம் வருபவனும் அந்த ஐந்து நிமிடத்தில் சமமாக நடத்தப்படுகின்றனர். மற்றவர்க்கு ஒருவன் உண்டாக்கும் நெருக்கடியைக் காலப்போக்கிற் கணக்கிடுவதே உண்மையான நீதி என்கின்றார் அவர்.

இவ்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. மேலே நாம் கண்ட வரவு அழித்தல் இதற்கே இடங்கொடுக்கின்றது. கொம்காஸ்டின் பதினைந்து நிமிடக் கணக்கும் ஓர் அற்ப ஞாபகசக்தியே. எனினும் நாம் தயங்குகின்றோம். அவர் கேட்டது கணக்கு. பணம் அறவிடுக என்று மாத்திரம் அவர் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் விற்பவனின் கையிலே இருக்கும்போது, அது விலைச்சீட்டாக மாறுவதற்கு நெடுநாட் செல்லாது. நெருக்கடியை உண்டாக்கும் உரிமை பணத்துக்குக் கிடைக்குமாயின், நெருக்கடி நேரத்தில் வாயடைக்கப்படுபவன் வறியவனே. கணத்துக்குக் கணம் சமம் என்பது முரட்டு விதிதான். ஆனால் பலவீனமானவன் பேச வரும் அந்த ஒரு கணத்தில் அது அவன் பக்கம் நிற்கின்றது.

அலகை மனிதனாகவோ வீடாகவோ கொள்க என்று நாம் சொன்னாலும், பெட்டி மனிதனைக் காண்பதில்லை, முகவரியையே காண்கின்றது. பழைய வகை முகவரிகள் உலகில் தீர்ந்துபோனமையால், பல கைத்தொலைபேசிச் சேவைகளில் பெருந்தொகையான சந்தாதாரர்கள் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகக் காட்சியளிக்கின்றனர். முகவரிக்கு ஒரு பங்கு என்ற விதியை அம்முகவரிக்கு அப்பாலுள்ள பெட்டி கைக்கொண்டால், ஓர் ஊரே ஓர் ஆளாகிவிடும். புதிய வகை முகவரியிலோ ஒரே கணினி பல முகவரிகளைப் பூணலாம். அங்கே ஓர் ஆளே ஊராகிவிடுவான். ஆகவே, சந்தாதாரர் யார் என்று உண்மையாக அறியக்கூடிய இடத்திலேயே எண்ணிக்கை நடைபெறல் வேண்டும். அவ்விடம் சேவை நிறுவனத்தின் வாசலும், வீட்டினுள்ளே நம் சொந்தப் பெட்டியுமே.

வீட்டினுள் இது தீர்ந்துவிட்ட பிரச்சினை என்றே சொல்லலாம். யாழ்ப்பாணத்து வீடொன்றிலே பேரன் விளையாட்டொன்றைப் பதிவிறக்குகின்றான். அப்பம்மா கனடாவிலுள்ள மகனோடு முகம் பார்த்துப் பேச முயல்கின்றார். குரல் விட்டு விட்டு வருகின்றது. வேகம் போதாது, பெரிய பொதித்திட்டம் எடுக்கவேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். பெரும்பாலும் போதாமை அங்கில்லை. அப்பம்மாவின் குரலுக்கு வேண்டியது மிகச் சிறிது. அது பேரனின் பொதிகளுக்குப் பின்னே ஒரே வரிசையில் நிற்பதுதான் கோளாறு. 2012ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளத்திற் சேர்ந்து, 2018இல் 8290ஆம் இலக்கக் குறிப்பாக வெளிவந்த எவ்கியூ-கோடெல் என்னும் முறை, இணைப்புகளை 1,024 வரிசைகளாகப் பிரித்து, சிறிதளவே அனுப்பும் இணைப்பை முன்னே விடுகின்றது. ஆனால் அதுவும் இணைப்புகளையே எண்ணுவது. அதே 2018இல் லினக்ஸில் இடம்பெற்ற கேக் என்னும் முறை, முதலில் வீட்டிலுள்ள கணினிகளுக்கிடையேயும் பின்னரே ஒவ்வொரு கணினியின் இணைப்புகளுக்கிடையேயும் பங்கிட வல்லது. பேரன் ஐம்பது இணைப்புகள் திறந்தாலும் அவை ஐம்பதும் அவனது ஒரு பங்கினுள்ளேயே அடங்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் இலவச மென்பொருளைத் தாங்கும் பெட்டியில் இதனை அமைத்துக்கொள்ளலாம். கணினி படித்த இளைஞர் ஊர்தோறும் உளர். அரை நாள் வேலை.

வாசலுக்கு அப்பாலுள்ளது நம் கைக்கு எட்டாதது. அங்கே சேவை வழங்குவோர், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடத்துவோர். உரிமம் பெற்றவன் பொதுவழியைப் பங்கிடும் விதி அவனுடைய வியாபார இரகசியமாக இருத்தலாகாது. நெருக்கடி நேரத்தில் எதனை அலகாக எண்ணுகின்றீர்கள், சந்தாதாரரையா இணைப்பையா? குறிப்பிட்ட மென்பொருளையோ தளத்தையோ முன்னே விடுகின்றீர்களா, பின்னே தள்ளுகின்றீர்களா? ஒருவருடைய வேகத்தை எந்த அளவு கடந்தபின், எவ்வளவு நேரத்துக்குக் குறைக்கின்றீர்கள்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை எண்களுடன் எழுத்தில் இருத்தல் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் சந்தாதாரர் கையில் ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படல் வேண்டும். அடுத்த முறை மாலையில் வழி அடைபட்டு, நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்கும் வாசகர்கள், வேகம் ஏன் குறைந்தது என்று மாத்திரம் கேட்டு நின்றுவிடாது, தம்மை எவ்வாறு எண்ணுகின்றார்கள் என்றும் கேட்பாராக. கிடைக்கும் மறுமொழியை எழுத்தில் வாங்கி நமக்கும் ஒரு பிரதி அனுப்புவாராயின், ஆணைக்குழுவின் முன் வைப்பதற்கு அது உதவும்.